பழுக்கவிட்ட பாவற்காய்

புருஷனின் தாடி வழிக்க வெந்நீர் எடுத்துக்கொண்டு றேணுகா பல்கனிக்கு வந்தபோது, கம்பியில் தொங்கிய பாவற்காய் மஞ்சள் பூத்திருந்தது.

நேற்றே கொடியிலிருந்து ஆய்ந்திருக்க வேண்டிய காய்.

“பழுக்கப்போகுது,” என்றார் நாகேந்திரம், கதிரையில் சாய்ந்தபடி.

“பின்னேரம் பக்கத்து வீட்டுச் சாம்பவி வேலையாலை வந்து ஆய்ஞ்சு தருவா. எனக்கு முழங்கால் எட்டி நிக்க விடாது.”

றேணுகாவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வெள்ளவத்தையின் இந்த நாலாம் மாடிக்கு, லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் அரிசிப்பையோடு ஏறி வருகிற முழங்கால் அது.

பல்கனித் தோட்டம் அவருடையது. சித்திரை வெயிலுக்கு வெண்டி, வைகாசி மழைக்குக் கீரை, புரட்டாதி பிறந்ததும் பாவல் என்று பெயின்ற் வாளிகளில் முறை வைத்து நட்டவர். கடற்காற்று உப்பை அள்ளி வந்து குருத்தைக் கருக்குகிற மாதங்களில் றேணுகாவின் பழஞ்சேலையைக் கம்பியில் கட்டி மறைப்பார்.

காய் ஆய்வது மட்டும் அவள் வேலை. ஆய்ந்த சூட்டோடு அது சட்டிக்குப் போய்விடும்.

அவர் நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கிழமையிலேயே அந்தச் செய்தியும் வந்தது. ரொறன்ரோவில் இருந்த அவருடைய பெரிய தம்பி ஞானம், படுத்த படுக்கையிலேயே செத்துப்போனான்.

லண்டனில் இருக்கிற சின்னத் தம்பி குலம்தான் அழுது அழுது சொன்னான். அண்ணைக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றும் அவன்தான் கேட்டான். டொக்டரும் அதையே சொன்னார். தைத்த நெஞ்சு ஆறுகிற காலம், அதிர்ச்சி ஒன்றும் தாங்காது.

றேணுகா முதல் வேலையாக நாகேந்திரத்தின் ஃபோனை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். தம்பிமார் இருவரும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிற ஃபோன். திருத்தக் கொடுத்திருக்கிறது என்றாள்.

ஆனால் சாவுத் துடக்கு துடக்குத்தானே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை சாமி அறையில் விளக்கில்லை, கோயிலில்லை, சட்டியில் மீனில்லை. செடி கொடியில் கைவைத்தால் பிஞ்செல்லாம் வெம்பிவிடும் என்று அவர்களுடைய ஊர்ப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் தண்ணீரைக்கூட அவள் தள்ளி நின்றுதான் ஊற்றினாள்.

ஆண்கள் முகம் வழிப்பதுமில்லை. சாவே தெரியாத மனிதருக்கு அந்த விதி பொருந்தாது என்று அவளாகவே தீர்த்துக்கொண்டாள்.

விளக்கு ஏற்றாததற்கு, திரி தீர்ந்துவிட்டது என்றாள். கோயிலுக்குப் போகாததற்கு முழங்கால். மீனுக்கு டொக்டர்.

பொய்களை இடம் மாறாமல் வைத்திருப்பது சமையலைவிடக் களைப்பான வேலை. அழுவதென்றாலும் குசினிக்குள் போய், மிக்சியைப் போட்டுவிட்டுத்தான் அழவேண்டும். மிக்சி நின்றதும் சம்பல் எங்கே என்று அவர் கேட்பார்.

“கடல் இஞ்சை இருக்கவே தெரியுது. மீனைத்தான் காணேல்லை,” என்றார் இப்போது. “எனக்குத்தான் பத்தியம் எண்டால் கொடிக்கும் பத்தியமோ? பாவம், மீன் கழுவின தண்ணியைக் கண்டு எவ்வளவு காலம்.”

“இண்டைக்குப் பாவக்காய்ப் பால்கறி. தேசிக்காய்ப்புளி விட்டு, நீங்கள் கேக்கிற மாதிரி. குறை சொல்லாமச் சாப்பிடுங்கோ.”

“காயை ஆய்ஞ்சால்தானே கறி.”

அவள் ஸ்டூலை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு அதில் இருந்தாள்.

காற்றுக்குக் கொடியின் பச்சைச் சுருள் ஒன்று அசைந்து வந்து அவர் தோளைத் தொட்டது. முன்பென்றால் அதைப் பிள்ளையின் விரலைப் பிடிப்பதுபோலப் பிடித்துக் கம்பியில் சுற்றிவிடுவார். இப்போது தோளை மெல்ல விலக்கிக்கொண்டார். கைகள் மடியிலேயே கிடந்தன.

உடம்பு வருத்தம் ஒரு மனிதனின் விருப்பங்களையும் தின்றுவிடுகிறது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட நாள்தோறும் முகம் வழிக்கச் சொல்லிக் கேட்டவர், வீட்டுக்கு வந்த பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று தாடியை இவ்வளவு வளர விட்டிருக்கிறார்.

“நாளைக்குக் கிளினிக். இந்தக் கோலத்திலை போனால் என்னைத்தான் ஏசுவினம், மனிசனைப் பாக்கிறாயில்லை எண்டு. முகத்தைக் காட்டுங்கோ.”

பிரஷை நனைத்து, சவர்க்காரம் நுரைக்கக் குழைத்து, கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

“வேண்டாம் றேணு. அந்தியேட்டி முடிய வழிப்பம்.”

நுரை சொட்டி அவர் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது.

“நீ கொடியிலை கை வைக்காமல் விட்ட அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது,” என்றார். பார்வை பாவற்காயை விட்டு அகலவில்லை. “ஆரெண்டு மட்டும் இப்ப சொல்லிப்போடாதை. அதுவரைக்கும் எனக்கு ரெண்டு தம்பிமாரும் இருக்கட்டும்.”