ஆட்டின் வாயில் கதை

பூவரச இலைகளில் ஒரு அணில் கதை எழுதியது. பத்து இலை நிறைந்ததும் ஆட்டிடம் கொண்டு போனது.

"அக்கா, நாளைக்குக் குருவிங்க முன்னால வாசிக்கணும். எப்படியிருக்குன்னு சொல்லுங்க."

ஆடு ஒவ்வொரு இலையையும் படித்தது, படித்ததும் தின்றது.

"இலை ருசியா இருந்துச்சு."

"கதை?"

"அந்தப் பூனை வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துடுச்சு தம்பி."

இனிமேல் எழுதுவதில்லை என்று அணில் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டது. பாதிப் பழம் தின்றபோது, பூனையை முதல் இலையிலேயே வரவைத்தால் என்ன என்று தோன்றியது. இறங்கி வந்து ஐந்தே இலையில் எழுதி, மறுபடியும் ஆட்டிடம் நீட்டியது.

நாலு இலை வயிற்றுக்குள் போனது. ஐந்தாவதைப் படித்து முடிக்கும் முன்பே பாதியைக் கடித்துவிட்ட ஆட்டின் வாய், மெல்லுவதை மறந்து அப்படியே நின்றுவிட்டது.

"பூனை கூட்டுக்குள்ள கையை விட்டுச்சு, சரி. குஞ்சு தப்பிச்சுதா? மீதி எங்கே?"

"உங்க வாயிலதான் இருக்கு அக்கா."

பிறந்ததிலிருந்து ஒரு இலையையும் துப்பியறியாத ஆடு, பாதி இலையை மெதுவாகத் துப்பிப் படித்தது.

குருவிகளுக்காக மூன்றாம் முறை எழுத இலை பறிக்கப் போன அணிலின் வால் நிமிர்ந்திருந்தது.