புதிதாக வந்தவர்கள்

டயர் கடைக்கு மேலே இருக்கும் வாடகை அறையில் புதுச் சபையின் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. சபை என்றால் போதகரின் மனைவி, மாமியார், தம்பி. அவ்வளவுதான். அறை நிறைந்த மாதிரி தெரியட்டும் என்று ஆளுக்கொரு மூலையில் அவரேதான் பிரித்து உட்காரவைத்திருக்கிறார். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் காலி நாற்காலிகள் லேசாக நடுங்குகின்றன. ஜன்னல் வெயில் மனைவியின் முகத்தில் அடிக்கிறது, அவள் நகரவில்லை. குடையை மடக்கிக்கொண்டே ஒரு பெண் தயங்கி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறாள். போதகரின் குரல் சட்டென்று ஏறுகிறது. "நீங்களும் புதுசாங்க?" என்று வந்தவள் மனைவியின் காதோடு கேட்கிறாள். மனைவி காலி நாற்காலிகளைப் பார்க்கிறாள். "ஆமாங்க." "அப்பாடா! நான் மட்டும்தான்னு நெனச்சேன்." போதகர் மைக்கை வாயருகே கொண்டுபோகிறார். "புதுசா வந்தவங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்." வந்தவள் தூக்குகிறாள்; தூக்கியபடியே பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாள். மனைவியின் கையும் மெல்ல எழுகிறது, வேறு யாருடைய கையோ மாதிரி. போதகர் அந்தக் கையையே பார்க்கிறார். கீழே இயந்திரம் உறுமி ஓய்கிறது. "ரொம்ப சந்தோஷம்," என்கிறார் மனைவியிடம். "உங்க பேரு என்ன, சிஸ்டர்?"