காட்டுப்பூனை வாங்கிய நெம்புகோல் துப்பாக்கி

ஒரு காட்டுப்பூனை, முள்ளம்பன்றியின் வளைக்கு மழைக்காலம் முழுவதும் காவல் இருந்து, அதற்குக் கூலியாக, அடியிலுள்ள நெம்புகோலை இழுத்துச் சுடும் பழைய நெம்புகோல் துப்பாக்கி ஒன்றைப் பெற்றது. அத்தகைய துப்பாக்கி அந்தக் காட்டில் வேறு எவரிடமும் இல்லை. முயல் வேட்டைக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது என்று முள்ளம்பன்றி உறுதி கூறியிருந்தது.

பூனையின் வீட்டில் மூன்று குட்டிகள் இரண்டு நாள் பசியோடு கிடந்தன. ஆகவே மறுநாள் விடிந்ததும் பூனை புல்வெளிக்குச் சென்று, காது கிழிந்த முயல் ஒன்றைக் குறி பார்த்தது. நெம்புகோலை இழுத்த ஓசை கேட்டு முயல் திரும்பிப் பார்த்தது.

“ஐயா, இது அந்தக் காலத்து உருப்படி அல்லவா? தோட்டா எந்த வழியாக ஏறுகிறது?”

இதுவரை எவரும் பூனையிடம் இதைக் கேட்டதில்லை. அது துப்பாக்கியைத் தாழ்த்தியது.

“கிட்டே வா. பின்பக்க மரக்கட்டையை மட்டும் தொடாதே, அது அக்ரூட் மரம்” என்று தொடங்கியது.

நண்பகல்வரை கேட்ட முயல், “மீதியை நாளைக்குத் தெரிந்துகொள்கிறேன், ஐயா” என்று பணிவாக விடைபெற்றது.

வெறுங்கையோடு திரும்பிய கணவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தது.

“ஏங்க, இது சுடுமா, இல்லை உங்களைப் பேச வைக்க மட்டும்தானா?” என்று கேட்டுவிட்டுப் புல்வெளிக்குப் போனது. சற்று நேரத்தில் முயல் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. குட்டிகள் பாய்ந்தன.

கணவன் பூனை பதறி எழுந்தது.

“அதன் காதைக் காட்டு! கிழிந்திருக்கிறதா? அதற்கு இன்னும் பாதி சொல்ல வேண்டியிருக்கிறது.”