ரேகை தேய்ந்த கட்டைவிரல்

“ரெண்டே வருஷம்டி, கண்ண மூடித் தொறந்தா முடிஞ்சிடும். டேட்டா சயின்ஸ்னே சொல்லிடு, செல்வரதி!” எம்.எஸ்சி. கலந்தாய்வு வரிசையிலும் அம்மா விடவில்லை. கெமிஸ்ட்ரிக்காக ஒரு மாதமாக வாதாடிக் களைத்துப்போன செல்வரதி, சரியென்று தலையாட்டிவிட்டாள். முறை வந்ததும், மேசைமேல் இருந்த கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தாள். அது ஏற்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள், அப்போதும் ஏற்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அவள் விரலைத் திருப்பிப் பார்த்தார். பி.எஸ்சி. ஆய்வகத்தில் அமிலம் பட்டுப்பட்டு ரேகை வழவழவென்று தேய்ந்திருந்தது. நகத்தோரம் சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்புக் கறை. “கெமிஸ்ட்ரிதானம்மா?” என்றபடி அவரே கணினியில் தட்டப் போனார். “ஐயோ சார், அது வேணாம்!” என்று அம்மா பதறினாள். “நீங்க இருங்கம்மா, படிக்கப்போறது அவங்கதான?” என்று அலுவலர் செல்வரதியின் பக்கம் திரும்பினார். செல்வரதி தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொல்லுங்களேன், அந்த விரல் உங்களுடையதாயிருந்தால் எதைச் சொல்வீர்கள்?