வெட்டியது போக மீதி

ஒப்பனை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நகைச்சுவை ஜோடியான குண்டனும் ஒல்லியும், டி.வி. சேனலின் தணிக்கை அதிகாரியும். சற்று நேரத்தில் நேரலை. போன வாரம் போல இன்றும் யாரும் சிரிக்காவிட்டால் நிகழ்ச்சிக்கு மூடுவிழா.

குண்டன் காட்சிகளைச் சொல்லச் சொல்ல, அதிகாரி வெட்டினார்.

"அமைச்சர் தூங்கறதைத் தூக்குங்கப்பா. அவர் கண்ணை மூடிக்கிட்டு நாட்டைக் கவனிக்கிறாரு."

"குறட்டை சார்?"

"அது மக்களுக்கு அவர் சொல்ற பதில்."

"அடுத்த காட்சியில வர்ற கழுதையாவது இருக்கட்டுமே?"

"வேண்டாம். எந்தத் துறைன்னு கேப்பாங்க."

ஒல்லி உதட்டைக் கடித்துக்கொண்டான். அதிகாரிக்கே பாவமாக இருந்தது.

"எல்லாம் போச்சு. இனிமே என்னத்தைப் பேசுவீங்க?"

"நீங்க பேசினதைத்தான் சார். எழுதறவர் நேத்தே ஓடிட்டாரு. அதான் உங்க வாயைக் கிளறினோம்."

அதிகாரி எழுவதற்குள் இருவரும் வெளியே பாய்ந்தார்கள். குண்டன் கதவைச் சாத்திப் பூட்டினான்.