சாயம் போகாத வாத்து

"வாயில போற சாமான் இது! ஒரு தையல் எகிறினாலும் உள்ள இருக்கிற பஞ்சு தொண்டைக்குப் போவும்னு எத்தினி வாட்டி சொல்றது?"

தரப் பிரிவு மேலாளர் தேவானந்தத்தின் குரல் தையல் இயந்திரங்களின் இரைச்சலை மீறி எழுந்தது. அவர் கையில் ஒரு மஞ்சள் வாத்து தலைகீழாகத் தொங்கியது. உடல் துணியால் ஆனது. சிறகும் அலகும் ஆம்பூரின் மென்தோல். இடச் சிறகின் ஓரத்தில் நூல் ஒன்று தளர்ந்து சுருண்டிருந்தது.

"யாரு தெச்சது?"

"நான்தான் சார்." மெர்சி எழுந்து நின்றாள்.

"ஷூவுல தையல் போனா தண்ணி உள்ள போவும், அவ்ளோதான். இதுல போனா கேஸு! கப்பல் ஏறின சரக்கு மொத்தமும் திரும்பி வரும். அப்புறம் நீயும் நானும் வீட்ல உக்காந்து தெச்சுக்கலாம்."

பக்கத்து மேசையில் அமிர்தவள்ளி வாத்துகளின் அளவு பார்த்து அட்டை கட்டிக்கொண்டிருந்தாள். 'ஐந்து கிலோ வரை', 'பத்து கிலோ வரை', 'இருபத்தைந்து கிலோ வரை' என மூவகை அட்டைகள் அவள் முன் குவிந்திருந்தன.

"இந்தத் தோல இழுத்தா எனக்கே கை வலிக்குது. அங்கல்லாம் பல்லு ரொம்ப ஸ்ட்ராங்கு போல," என்று அவள் தலை நிமிராமல் முணுமுணுத்தாள். வரிசையில் எழுந்த சிரிப்பு, மேலாளர் திரும்பியதும் அடங்கியது.

கழிக்கப்பட்ட பொம்மை எதுவும் முழு உருவோடு வாயிலைக் கடக்கலாகாது. இரண்டாக வெட்டியே குப்பையில் இடவேண்டும். அது அத்தொழிற்சாலையின் மாறா விதி. தேவானந்தம் தோல் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார்.

"சார், வெட்டாதீங்க. எனக்குக் குடுங்க."

"இன்னாது?"

"என் பொண்ணு ஃபீபிக்கு சார். பத்து மாசம் ஆவுது. பல்லு மொளைக்கிற நேரம், கையில கெடைக்கிறத எல்லாம் கடிக்கிறா. அந்தத் தையல நானே போட்டுக்கறேன்."

"குடுத்துடுங்க சார். குப்பைக்குப் போறதுதான?" என்றாள் அமிர்தவள்ளி.

"குப்பைக்குப் போறதும் வெட்டித்தான் போவணும். உன் வேலையப் பாரு." அவர் மெர்சியின் பக்கம் திரும்பினார். "ஊர்ல கடையா இல்ல? புள்ளைக்கு நல்ல பொம்மையா பாத்து வாங்கிக் குடு."

பல நாளாக நீறு பூத்துக் கிடந்த நெருப்பை அச்சொல் ஊதிவிட்டது.

"பாத்துத்தான் சார் வாங்கினேன்! லாங் பஜார்ல கடை கடையா ஏறி எறங்கினேன். காரைத் தொட்டா சக்கரம் கையோட வருது. கிலுகிலுப்பைய மோந்து பாத்தா பெயிண்டு நாத்தம். கடைசியில, மெத்துன்னு இருக்குதேன்னு ஒரு கிளி வாங்கினேன். அரை நாள்ல எம் பொண்ணு நாக்கு பச்சையாப் போச்சு. சாயங்காலம் அந்தக் கிளியோட கண்ணு கழண்டு அவ தொண்டையில நின்னுச்சு. மூச்சு வரல சார். வெரல வுட்டு நான் எடுத்தேன். ஏசப்பாதான் காப்பாத்தினாரு."

மழலை ஊறவேண்டிய செவ்வாயில் பச்சை நீர் வழிந்த கோலத்தை நினைத்ததும் அவள் சினம் இன்னும் ஏறியது.

"கடைக்காரன்கிட்ட போய்க் கேட்டா, 'வெளையாடக் குடுத்தேன், திங்கவா குடுத்தேன்?'னு சிரிக்கிறான். பத்து மாசக் கொழந்த வாயில வெக்காம வேற எப்பிடி சார் வெளையாடும்?"

வரிசை முழுதும் ஊசிகள் நின்றன.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?"

"இங்க எல்லாம் பண்றது நீங்கதான சார்! எச்சில் மாதிரி தண்ணி கலக்கி, தோல அதுல ஊறப்போட்டு, துளி சாயம் வந்தாலும் அத்தனையும் திருப்பி அனுப்பறீங்க. கொக்கி மாட்டி இழுத்து, கண்ணு கழலுதான்னு பாக்கறீங்க. ஒடஞ்ச ஊசித் துண்டு ஒண்ணு காணோம்னா, அது கெடைக்கிற வரைக்கும் எங்கள எழுந்திருக்க வுடறதில்ல. இந்த வாத்த எம் பொண்ணு கடிச்சா நான் நிம்மதியா மிஷின்ல உக்காருவேன்."

தேவானந்தத்தின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. பிறகு அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அலுவலக அறையை நோக்கினார்.

"வெளிய போச்சுன்னு தெரிஞ்சா என் வேலை போய்டும். என்னப் பேஜார் பண்ணாத."

அவர் வாத்தை மேசைமேல் கிடத்தி, அதன் கழுத்தில் கத்தியை வைத்தார். மெர்சியின் கை பாய்ந்து வந்து அந்த வாத்தின்மேல் கவிந்தது.

"கைய எடு மெர்சி. வெட்டிக்கும்."

"வெட்டட்டும்."

"உனக்கின்னா பைத்தியமா?" கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவர் கத்தினார். "வெளிநாட்டு நாய்ங்க கடிக்கிறதுக்குச் செஞ்ச சாமான் இது! பெத்த புள்ளைக்கா இதக் கேக்கற?"

மெர்சியின் கை அசையவில்லை.

"அதனாலதான் சார் கேக்கறேன்."