புகைக்குள் பிறை

மேற்கே மலைக்காடு பற்றிக்கொண்டதிலிருந்து எங்கள் தெருவுக்குப் புகைதான் வானம். நோன்புக் கஞ்சியில்கூடச் சாம்பல் வாசம். மலை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இருந்தாலும் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு எல்லோரும் பிறை பார்க்க மொட்டைமாடி ஏறினோம். “இந்தப் புகையில எங்கிட்டுப் பிறை தெரிய? நாளைக்கும் நோன்புதான்” என்று பக்கத்துவீட்டு பல்கீஸ் லாத்தா இருமி முடிப்பதற்குள் அவர் மகள் ரிஸ்வானா கத்தினாள்: “உம்மா, அந்தா!” மேற்கே புகை நடுவில், நகக்கீறல் போல வளைந்து, சிவப்பாக ஒரு கீற்று. மாடிக்கு மாடி கூச்சல் தாவியது. “பெருநாள்! பெருநாள்!” லாத்தா மூக்குத்துணியை அவிழ்த்து வீசிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். யாரோ வெடி போட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தக்பீர் முழங்கியது. பிரியாணி அரிசி வாங்கக் கடைக்கு ஆட்கள் ஓடினார்கள். ரிஸ்வானா மட்டும் கைப்பிடிச் சுவரைவிட்டு நகரவில்லை. “உம்மா, பிறை பெருசாகிக்கிட்டே கீழ இறங்குது.” “மொதப் பிறைன்னா சட்டுனு இறங்கத்தான்டி செய்யும்” என்று சிரித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், லாத்தா மருதாணி அரைக்கப் படியிறங்கினார்.